மலைக்கு அந்தப் பக்கம் பதிந்த பெயர்

பதுளையில் நான் வேலை செய்த பிறப்பு, திருமணப் பதிவு அறையில் இப்போது யாரும் புத்தகங்களைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். பெயரையும் ஆண்டையும் தட்டினால் பக்கம் திரைக்கு வருகிறது. அங்கே இப்போது பொறுப்பில் இருக்கும் நஸ்ரியா சென்ற ஆண்டு இறுதியில் வீட்டுக்கு வந்தார். "சேர், நீங்க எல்லாம் எப்படித் தேடுனீங்கன்னு எழுதித் தாங்க. புதுசா வந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும். அவங்க பேரைத் தட்டுறாங்க, வரலைன்னா இல்லைன்னு சொல்லி அனுப்பிடுறாங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். கண்டுபிடித்த கதைகளை எழுதலாம் என்று குறிப்புகளை எடுத்து அடுக்கினேன். மாசி மாதம் நடந்ததற்குப் பிறகு அவற்றை உறையில் போட்டு மூடிவிட்டேன். இது வேறு கட்டுரை.

என்னைத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை. கறிவேப்பிலைக் கன்று நட்ட நாள்கூட என் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. ஆனால் இங்கே வரும் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் அவர்களுடைய ஆண்டுகளையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊருக்கே பொதுவான தேதிகள் மட்டும் இருக்கின்றன.

தேயிலைத் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது 1975இல். அதற்குச் சற்றுப் பின்னால் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளை, மூன்று மொழியிலும் எழுத வரும், அதனால் எடுத்தார்கள். முதல் வருடம் தூசு தட்டினேன், கட்டுக் கட்டினேன், நூல் மாற்றினேன். இரண்டாம் வருடம் தேடச் சொன்னார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

தேடும் முறை இது. விண்ணப்பத்தில் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டம், பிறந்த ஆண்டு இருக்கும். எங்கள் ஆட்கள் ஆண்டைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "பெரிய மண்சரிவுக்கு அடுத்த தீபாவளி" என்பார்கள். அதனால் முன்னால் இரண்டு ஆண்டு, பின்னால் இரண்டு ஆண்டு சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டம் எந்தப் பதிவுப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பிரிவின் அட்டவணையை எடுத்து எழுத்து வரிசையில் விரலை ஓட்டி, கிடைத்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்க வேண்டும். கிடைக்காவிட்டால் "தேடப்பட்டது, பதிவு இல்லை" என்று கடிதம் தட்டச்சாகும். மேலதிகாரி கையெழுத்திடுவார். இடது கீழ் மூலையில் தேடியவர் முதலெழுத்தைப் போடுவார்.

எங்களுக்குத் தலைமை எழுதுவினைஞர் ஜெமீல் சேர். பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கடைக்குப் போகாமல் கந்தோர் உத்தியோகத்துக்கு வந்தவர். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, கைப் பொத்தான் எப்போதும் பூட்டியிருக்கும். யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் தோட்டத்திலிருந்து ஆள் வந்தால் அவரை உட்காரவைத்து, எங்களுக்கு எரிச்சல் வருமளவுக்குக் கேள்வி கேட்பார்.

"டவுனுக்கு எந்தப் பக்கம் எறங்கி வருவீங்க?"

"குறுக்குப் பாதையிலதாங்க சேர்."

"அந்தப் பாதை எந்த ஆத்தைத் தாண்டும்? சுகமில்லன்னா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க? பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போவீங்களா? அது மேலயா, கீழயா?"

பதில் வரவர, விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் வரைவார். மலைமுகட்டுக்கு ஒரு நீளக் கோடு. தண்ணீர் ஓடும் திசைக்கு ஓர் அம்பு. நடைபாதைக்குப் புள்ளிகள். வரைந்து முடித்த பிறகுதான் எந்த அட்டவணையை எடுப்பது என்று சொல்வார். சில நேரம் விண்ணப்பத்தில் இருந்த பிரிவை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பார்.

நாங்கள் பின்னாலிருந்து நையாண்டி செய்வோம். "சேர் புதுசா பஸ் ரூட் போடப் போறாரு" என்று ஒருவன் சொல்வான். அவர் காதில் விழும். "போட்டா உன்னத்தான், மகன், கொண்டக்டரா போடுவேன்" என்று திரும்பாமலே சொல்வார்.

அந்தக் கோடுகளின் அருமை எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்தது. பதுளை வியாபாரி ஒருவர் தன் பாட்டனாரின் திருமணப் பதிவைத் தேடி வந்திருந்தார். பாட்டனார் இந்தியாவிலிருந்து வந்து ரயிலில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே கடை போட்டு, அங்கேயே கலியாணமும் முடித்தார் என்று குடும்பத்தில் சொல்வார்களாம். பதுளைப் புத்தகங்களில் மூன்று நாள் தேடினேன். இல்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். பாட்டனார் வந்ததாகச் சொன்ன காலம் அதற்கு முன்பு. அப்போது பாதை பண்டாரவளையோடு நின்றிருந்தது. பண்டாரவளைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் மனிதர் முதல் பக்கங்களிலேயே இருந்தார்.

அன்று முதல் நானும் கோடு போட ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலிருந்து பலருக்கு வம்சாவளி தேடிக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் முகடு, அம்பு, புள்ளி. எனக்கு அதில் கர்வம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இன்னொரு கர்வமும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே ஒரு வாசகம் என் வாயில் இருக்கும்: "புத்தகம் பொய் சொல்லாது." வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் மொனராகலையிலிருந்து சரோஜா என்ற பெண் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. காய்கறி வியாபாரம் செய்பவர். பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. கையில் பிளாஸ்டிக் உறை. தேநீரைக் குடித்து முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஐயா, எங்க அக்கா லெட்சுமி பொறந்ததுக்கு ஒரு எழுத்து வேணும். சொத்துக்கு இல்லீங்க. எங்ககிட்ட என்ன சொத்து இருக்கு. அக்காவுக்குக் காட்டணும்."

அக்கா கூடலூரில் இருக்கிறார். தோட்டத்து மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் கடைசிக் காலத்தில் இவர்களுடைய தகப்பனார் முத்துசாமி இலங்கையிலேயே இருக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்று இருந்தால்தான் சேர்க்க முடியும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். தம்பி தங்கைகளுக்குச் சான்று கிடைத்தது. மூத்தவளுக்குப் பதிவு இல்லை என்று கடிதம் வந்தது. அத்தை குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறவிருந்தது. பதினேழு வயது லெட்சுமியை அவர்களோடு மகளாகச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

"அங்க போன எடத்துல பக்கத்து வீட்டுக்காரங்க, உன்னையத் தேயில மலையில எடுத்து வளத்தாங்க, பெத்த புள்ளன்னா பதிஞ்சிருக்க மாட்டாங்களான்னு சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அது மனசுல ஊறிப் போச்சுங்க. அப்பா கடுதாசி போட்டா கிழிச்சிருச்சு. அம்மா செத்த தந்திக்கும் பதில் இல்ல. இப்ப பேரன் போன் வாங்கிக் குடுத்து, ஆறு மாசமா எங்ககிட்ட பேசுது. எப்பப் பேசினாலும் கடைசியில அங்கதான் வந்து நிக்கும். 'எல்லாரும் எழுத்துல இருக்கீங்க, நான் இல்லையே சரோசா'ங்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அடுத்த மாசம் அக்காவுக்கு நெஞ்சு ஆப்பரேசன். அதுக்குள்ள ஒரு முடிவு தெரியணும்."

உறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுப்பட்டை போட்டு, கீழ்ப்பகுதி உள்ளே மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மேலே மட்டும் வாசித்தேன். தோட்டத்தின் பெயர் தெரிந்தது. ஆபீஸும் தொழிற்சாலையும் நமுனுகுல மலைத்தொடரின் பதுளைப் பக்கத்தில். அந்தப் பிரிவில் தேடியிருக்கிறார்கள்.

"தோட்டத்துல எந்த டிவிசன்ல இருந்தீங்க?"

"மேல் டிவிசன்."

"உங்க லயத்துக் கூரையில விழுற மழை எந்தப் பக்கம் ஓடும்?"

சரோஜா என்னைப் பார்த்த பார்வையில், இவர் சுகமாகத்தான் இருக்கிறாரா என்ற கேள்வி தெரிந்தது. "பசறைப் பக்கம்" என்றார். "நாங்க கடைக்கு, கோயிலுக்கு எல்லாம் அந்தப் பக்கந்தான் எறங்குவோம். ஆபீசுக்குப் போவணும்னா முகட்டுல ஏறித் தாண்டணும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேசையருகே நிமிர்ந்து உட்கார்ந்து, அரசு தோட்டங்களை எடுத்த பிறகு பல தோட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்த கதையை விளக்கினேன். மேல் டிவிசன் லெட்சுமி பிறந்த காலத்தில் கிழக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்திருக்கலாம், பதிவும் அந்தப் பக்கத்துப் பிரிவில் இருக்கலாம் என்றேன். "தேடினவன் மலையைப் பார்க்காம தேடியிருக்கான்" என்றும் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்.

"அப்பா அதத்தான் சொன்னாருங்க" என்றார் சரோஜா. "கடுதாசி வந்ததும் பதுளைக்கு நடந்தே வந்தாரு. நானே போயிப் பதிஞ்சேன், நல்லாப் பாருங்கன்னு கேட்டிருக்காரு. கவுண்டர்ல இருந்த சின்னக் கிளாக்கர் தலைய நிமித்தலையாம். புத்தகம் பொய் சொல்லாதுன்னாராம். அப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுவாரு. வீட்டுல யாரும் பொய் சொன்னாக்கூட, 'நீ என்ன புத்தகமா, இப்படிப் பொய் சொல்ல'ம்பாரு."

என் கை கடிதத்தின் மடிப்பில் இருந்தது. மெதுவாக ஒட்டுப்பட்டையை நீக்கி, கீழ்ப்பகுதியைப் பிரித்தேன். இடது மூலையில் நீல மையில் முதலெழுத்து. அதைப் போட்டவன் எழுத்துக்கு அடியில் ஒரு சின்ன வளைவு போடுவான். இன்றும் போடுகிறான். மின்சாரப் பட்டியலுக்கான காசோலையில் அன்று காலையில்கூடப் போட்டிருந்தேன்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த நாட்களில் விண்ணப்பங்களின் பின்னாலும் நான் கோடு போட்டதில்லை.

எனக்கு அந்த முத்துசாமியை நினைவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஓர் ஆள் மலை இறங்கி நடந்து வந்து என் முன்னால் நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவருடைய முகம், சட்டை, குரல் எதுவும் என்னிடம் இல்லை. எதையும் மறக்காதவன் என்று பெயர் வாங்கியவன் நான்.

சரோஜாவிடம் அப்போது சொல்லவில்லை. "ஒரு வாரம் தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு பழைய கொப்பிகளை எடுத்துக் கடிதத்தின் தேதியோடு ஒப்பிட்டேன். ஜெமீல் சேர் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போய் மூன்று மாதம் விடுப்பில் இருந்த காலம். தேடுதல் முழுவதும் என்னிடம் இருந்தது. தோட்டங்களிலிருந்து விண்ணப்பங்கள் தபாலில் கட்டாக வரும். "இன்றும் கட்டு முழுவதும் முடித்தேன்" என்று ஒரு நாள் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

மறுநாள் பசறை பஸ்ஸில் ஏறி இறங்கி, முச்சக்கரவண்டி போகும் இடம் வரை போய், மீதியை நடந்தேன். என் முழங்காலுக்கு அது ஆகாது. ஊகத்தை வைத்து இன்னொரு முறை எழுத எனக்குத் துணிவில்லை. மேல் டிவிசன் லயத்தருகே கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்களிடம் பழைய எல்லைக்கல் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார். முகட்டில், ஆபீஸுக்குப் போகும் ஏற்றத்தின் உச்சியில், பாசி பிடித்த கல். சுரண்டினேன். கிழக்குத் தோட்டத்துப் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு இருந்தன. முகடுதான் பழைய எல்லை. லயம் முழுவதும் கிழக்கே.

"பதுளையிலருந்தா வாறீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். "பதுளைக்காரங்களுக்கு மலைக்கு முன்பக்கம் மட்டுந்தானே தெரியும். பின்பக்கத்துல மனுசங்க இருக்கோம்னு இப்பத்தான் யாரோ சொல்லியிருக்காங்க போல." மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

அடுத்த நாள் நஸ்ரியாவிடம் போய்க் கிழக்குப் பிரிவு, முத்துசாமி, லெட்சுமி என்று சொன்னேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். தேநீர் வருவதற்குள் பக்கம் திரையில் இருந்தது. பத்து நிமிடம் ஆகவில்லை. பெயர் லெட்சுமி. தகப்பன் முத்துசாமி. தாய் காளியம்மா. பிறந்த இடம் மேல் டிவிசன் லயம். அட்டவணையில் தெளிவான எழுத்து. அன்று அந்தப் புத்தகம் என் நாற்காலிக்குப் பின்னால், மூன்றாவது தட்டில் இருந்தது. எழுந்து நான்கு எட்டு வைத்திருந்தால் போதும்.

"என்ன சேர், கிடைச்சிருச்சே. முகம் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு நஸ்ரியா கணினியை அணைத்தார்.

"அந்த மூணு மாசத்துல நான் எழுதின மத்தக் கடிதங்களோட பிரதி இருக்கா?" என்று கேட்டேன்.

"பழைய கோப்பெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு சேர்."

"அப்ப எத்தனை பேர்னு தெரியாது."

"தெரியாது" என்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததற்கு இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன்.

சரோஜா மீண்டும் வந்தபோது சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு அதிகம் வாசிக்க வராது. அக்காவின் பெயர் எங்கே, அப்பா பெயர் எங்கே என்று கேட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். பிறகு நான் பழைய கடிதத்தை எடுத்து, மூலையைக் காட்டினேன்.

"இது என்னோட எழுத்தும்மா. அந்தச் சின்னக் கிளாக்கர் நான்தான்."

சரோஜா கடிதத்தை வாங்கி அந்த மூலையை விரலால் தடவினார். என் மனைவி கொண்டுவந்த தேநீரை அவர் தொடவில்லை.

"நீங்களா" என்றார் கடைசியில். "போன வாரம் தெரியுமா?"

"நீங்க இருக்கும்போதே தெரிஞ்சிருச்சு."

"அப்ப சொல்லலையே."

"பயந்துட்டேன்."

கைபேசியை எடுத்தார். "நான் சொன்னா அக்கா நம்பாது, தங்கச்சி ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைக்கும். நீங்களே சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லணும்."

திரையில் வெள்ளை முடியும் பெரிய கண்ணாடியுமாக ஒரு முகம் வந்தது. நான் பெயர் சொல்லி, பழைய எழுதுவினைஞன் என்று சொல்லி, சான்றிதழை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். லெட்சுமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அறிவிச்சவங்கன்னு ஒண்ணு படிச்சீங்களே, அது என்ன?"

"பிறப்பை வந்து சொன்னவர். உங்க அப்பா. நேர்ல போய் ரேகை வச்சிருக்கார்."

"தோட்டத்துல யாராச்சும் அனுப்பியிருப்பாங்க."

அப்போது என் பழக்கம் உதவிக்கு வந்தது. முந்திய நாளே கணக்குப் போட்டிருந்தேன். "அம்மா, நீங்க பிறந்தது செவ்வாய்க்கிழமை. பதிஞ்சது அடுத்த வாரம் வியாழக்கிழமை. வேலை நாள். பதிவாளர் இருந்த இடத்துக்கு லயத்துலருந்து போய்வர முழுநாள் நடை. நான் அந்தப் பாதையில பாதி நடந்து பார்த்தேன். அன்னிக்கு உங்க அப்பா காலையில பெரட்டுக்குப் போயி வேலைக்கு நிக்கல. உங்க பேரச் சொல்லப் போயிருக்கார்."

அந்த முகம் திரையிலிருந்து விலகியது. கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. பிறகு குரல் மட்டும் வந்தது.

"அப்ப இல்லன்னு எழுதினது யாரு?"

சரோஜா என்னைப் பார்த்தார்.

"நான்தாம்மா. வேற புத்தகத்துல பார்த்துட்டு எழுதினேன். உங்க அப்பா வந்து கேட்டப்பவும் மறுபடி பார்க்கல."

"ஏன்?"

தேதி, கிழமை, பக்க எண் எல்லாம் என்னிடம் இருந்தன. ஏன் என்பதை எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்கவில்லை. "விண்ணப்பக் கட்டை முடிக்கிற அவசரம்" என்றேன். அது உண்மை. அவ்வளவு சின்னதாக இருந்தது.

லெட்சுமி திரும்பவும் திரையில் வந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். "நாப்பது வருசத்துக்கு மேல எங்கப்பன் மேல வச்சிருந்த கோவம். அது இப்ப எங்க போறதுன்னு தெரியாம நிக்குது. உங்க மேல வைக்கட்டா?"

"வைங்கம்மா."

"வச்சுக்கிறேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "திரும்பப் படிங்க. பேர்லருந்து. மெதுவா" என்றார்.

மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை அவரும் கூடவே சொன்னார்.

இதை வாசிக்கும் இளையவர்களுக்கு ஒன்று. "பதிவு இல்லை" என்ற பழைய கடிதத்தோடு யாராவது வந்தால், மூலையில் அடியில் வளைவு போட்ட முதலெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்களை உட்காரவைத்து, எந்தப் பக்கம் இறங்கி வந்தார்கள் என்று கேளுங்கள். நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

அன்று சரோஜா கிளம்பும் முன்பு, பழைய கடிதத்தின் பின்பக்கத்தில் வரையலாமா என்று அனுமதி கேட்டேன். தலையசைத்தார். பென்சிலால் முகட்டுக்கு ஒரு கோடு இழுத்தேன். தண்ணீருக்குக் கிழக்கே ஓர் அம்பு. லயத்திலிருந்து கீழே புள்ளிகள். சரோஜா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புள்ளிகளின் நடுவே விரலை வைத்தார்.

"இங்க ஒரு ஊத்து இருக்கு. அதையும் போடுங்க. அப்பா அங்கதான் உக்காந்து தண்ணி குடிச்சிருப்பாரு."

போட்டேன்.